தேய்பிறைச் சிங்கம்

மயில்சாமி ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. சிங்கம் என்று பார்த்தது வண்டலூரில் ஒரே ஒரு தரம். அதுவும் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. இவ்வளவு தகுதியை வைத்துக்கொண்டுதான் அவர் நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு, எந்தத் தேதியில் கென்யாவுக்குப் போனால் சிங்கம் கண்ணில் படும் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சொன்னவர் ஒருவர்தான், கேட்டவை ஐம்பது குடும்பங்கள்.

ஆள் பெருந்துறைக்காரர். கோயமுத்தூரில் படித்துவிட்டு, 1990இல் பார்சிப்பனியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மெயின்ஃப்ரேம் ப்ரோக்ராமராகச் சேர்ந்தார். மான்மவுத் ஜங்ஷனில் டவுன்ஹவுஸ், அதோடு ஒரு கராஜ், மனைவி தனபாக்கியம், அந்த வருடமே பிறந்த மகள் வான்மதி. ஆபீசில் "மயில்சாமி" என்பது யார் வாயிலும் நுழையவில்லை. "சாம்" என்று சுருக்கிவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு சாம்கள் இருந்தார்கள். ஒருவர் உயரமான சாம், மற்றவர் பேஸ்மென்ட் சாம். ஆகவே இவர் "அதர் சாம்", அதாவது அந்த இன்னொரு சாம். பிறந்தநாள் கேக்கில்கூட "ஹாப்பி பர்த்டே அதர் சாம்" என்றே க்ரீமில் எழுதியிருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் வெட்டினார். மனிதருக்கு அது வலித்தது. ஊரில் தெருமுனையில் நின்று "மயில்சாமி" என்று கூப்பிட்டால் பத்து வீட்டுக்குள்ளிருந்து "யாரு, நம்ம மயில்சாமியா?" என்று குரல் வரும். இங்கே அவர் யாருடைய மயில்சாமியும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் 1992 கடைசியில் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. பல் டாக்டர் ஒரு மணி நேரம் காக்கவைத்தார். அங்கே கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் சிங்கத்தையும் நிலாவையும் பற்றி ஒரு கட்டுரை. பௌர்ணமி வெளிச்சத்தில் மானும் வரிக்குதிரையும் சிங்கத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவிடுமாம். சிங்கம் பட்டினி கிடக்கும். அதனால் பௌர்ணமி கழிந்த நாலைந்து நாள், பசி தாளாமல் பகலிலேயே வேட்டைக்கு வெளியே வரும். அமாவாசையில் நேர்மாறு. கும்மிருட்டில் சிங்கம் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பகல் முழுக்கப் புதருக்குள் தூங்கும். காசு கொடுத்துப் போனவன் புதரைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். கட்டுரையின் கடைசிப் பக்கம் இல்லை. அதன் பின்புறம் இருந்த ஏதோ கூப்பனுக்காக யாரோ கிழித்துப் போயிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் "ஆனால்" என்று ஏதாவது தொடங்கியிருக்குமோ என்று மயில்சாமி யோசிக்கவே இல்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பாதிக் கட்டுரையோடு வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்த மாதம் ஒரு பொங்கல் பாட்லக், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற விருந்து. ஸ்வர்ணா என்பவரின் குடும்பம் கோடை விடுமுறைக்குக் கென்யா போவதாகப் பேச்சு வந்தது. கையில் சர்க்கரைப் பொங்கலோடு நின்றிருந்த மயில்சாமி வாயைத் திறந்தார்.

"எப்பங்க போறீங்க? பௌர்ணமி கழிஞ்சு போங்க. அமாவாசை பக்கம் போயிராதீங்க, சிங்கம் வெளியவே வராதுங்க."

அறை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. மூன்று வருடத்தில் அவர் சொன்னதற்கு ஒரு அறை திரும்பியது அதுவே முதல் தடவை. ஸ்வர்ணா குடும்பம் அவர் சொன்ன தேதியிலேயே போனது. பதினொரு சிங்கத்தைப் பார்த்து, இரண்டரை மணி நேர வீடியோ எடுத்துக்கொண்டு திரும்பியது. அன்றிலிருந்து அவர் "நிலா மயில்சாமி". பார்சிப்பனியில் இன்னொரு சாம், மான்மவுத் ஜங்ஷனில் நிலா மயில்சாமி. 287ஆம் நம்பர் சாலையில் தெற்கே வர வர அவர் முதுகு நிமிரும் என்று தனபாக்கியமே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் சிங்கத்துக்கு நல்லநாள் பார்த்துக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. சிங்கம் தென்படுவது தேய்பிறையில். நம் ஆட்கள் தேய்பிறையில் ஒரு கடுகு டப்பாவைக்கூடப் புதிதாக வாங்கமாட்டார்கள். ஆப்பிரிக்கப் பயணத்தையா கிளப்புவார்கள்? சரி, வளர்பிறையிலேயே கிளம்பி அங்கே போய்த் தேய்பிறை வரும்வரை ஓட்டலில் படுத்துக் கிடக்கலாம் என்றால், அமெரிக்க முதலாளி வருடத்துக்குப் பத்து நாள்தான் லீவு கொடுக்கிறான். இது போதாதென்று ஒவ்வொருவருக்கும் மாதத்தில் இரண்டேகால் நாள் சந்திராஷ்டமம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அதிலேயே ஒன்பது நாள் அடிபட்டுப் போகும். மயில்சாமி இதையெல்லாம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தார். மூன்று கோடைகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை மிஞ்சியது. அதிலும் மூன்று மணியிலிருந்து நாலரை மணிவரை ராகு காலம்.

அப்போதுதான் அவருக்குப் பரஸ்தானம் நினைவுக்கு வந்தது. ஊரில் செய்கிற காரியம்தான். போகவேண்டிய நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முன்னாலுள்ள நல்ல நாளில் பெட்டியை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பிவிட்டதால் பயணமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். நிலா மயில்சாமியின் திட்டம் இதுதான்: பெட்டி வளர்பிறையில் கிளம்பும், ஆள் தேய்பிறையில் கிளம்புவார். பக்கத்து வீடு என்பது மயில்சாமியின் கராஜ்.

1994 முதல் ஒவ்வொரு கோடையிலும் இது ஒரு திருவிழாவாகவே நடந்தது. எடிசனிலிருந்தும் பார்சிப்பனியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் வருவார்கள். கராஜில் கிழக்குப் பார்த்துப் பெட்டியை வைப்பார்கள். தனபாக்கியம் போட்ட காபியைக் குடித்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய்விடுவார்கள். நாட்டின் மறுகோடியில், சான் ரமோனிலிருந்து ஒரு கிட்டுசாமி, பெட்டியை பார்சலிலேயே அனுப்பிவைத்தார். மயில்சாமி அதை ஒரு வாரம் கராஜில் வைத்திருந்து, திருப்பி பார்சலில் அனுப்பினார். ஆடி மாதத்தில் பெட்டி வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "ஆடியெல்லாம் மனுசனுக்குங்க, பெட்டிக்கு ஏதுங்க ஆடி?" என்றார். கேட்டவர் தெளிவடைந்து போனார். கேட்டுத் தெளிய வந்தவரைக் குழப்புவது மயில்சாமிக்குப் பழக்கமில்லை.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். நியாயம்தானே? வாரக்கடைசியில் முன்பின் தெரியாத முப்பது பேர் வந்து பெட்டிகளை இறக்கிவிட்டு வெறுங்கையோடு போனால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒரு இளம் போலீஸ்காரர் வந்து பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். புளிக்காய்ச்சல், தொப்பி, பனியன், கொசுமருந்து. இதெல்லாம் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார். நிலாவினால் என்றார் மயில்சாமி. போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேர விளக்கம் நடந்தது. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, அடுத்த மாதம் மாமனாரோடு மொன்டானாவுக்குப் போவதாகவும், கரடி பார்க்க நிலா எப்படி இருந்தால் தேவலை என்றும் கேட்டார். கரடிக்குத் தான் பொறுப்பேற்பதில்லை என்று மயில்சாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மயில்சாமியைக் கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர்தான். டாக்டர் தியாகராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், பார்சிப்பனியில் இருதய நிபுணர். மனைவி ஞானமணியின் தொல்லை தாங்காமல் 1996இல் அவரும் பெட்டி வைக்க வந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். உங்கட பஞ்சாங்கம் கோயமுத்தூர் நேரத்துக்குப் போட்டது. நாங்கள் இருக்கிறது நியூ ஜெர்சி. சிங்கம் இருக்கிறது கென்யா. இதில எந்த ஊர் நேரத்தை எடுக்கிறியள்?"

மயில்சாமி ஒரு மடக்குக் காபி குடித்தார்.

"சந்திராஷ்டமம் நமக்குங்க டாக்டர், அதனால நியூ ஜெர்சி டைம். பசி சிங்கத்துக்குங்க, அதனால கென்யா டைம்."

"அப்ப கோயமுத்தூர்?"

"பஞ்சாங்கம் ப்ரின்ட் பண்ணினது அங்கீங்க. அவ்வளவுதான்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். டாக்டர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்த வருடம் கடைத் தள்ளுபடியில் எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டியாக வாங்கியிருந்தார்கள். நைரோபியில் டாக்டர் தன் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆறு பட்டுப்புடவையும் ஒரு இடியாப்ப உரலும் இருந்தன. அது ஸ்வர்ணாவின் பெட்டி. அவரும் அதே சமயம் இரண்டாம் தடவையாகக் கென்யாவில் வேறொரு பக்கம் போயிருந்தார். அங்கே ஸ்வர்ணா டாக்டருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு நாளும் ஒரே சேட்டோட நிண்டனான்," என்று திரும்பிவந்து டாக்டர் கத்தினார். "ஆனா சிங்கம் மூண்டு பாத்தனான்!"

ஸ்வர்ணா இந்தத் தடவை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தேதியில் குறையில்லை. மயில்சாமி கண்ணை மூடி யோசித்துவிட்டு விளக்கினார். யோகம் பெட்டியோடு போகும். டாக்டர் பார்த்த மூன்று சிங்கமும் நியாயப்படி ஸ்வர்ணாவுடையவை. ஸ்வர்ணா அதைக் கேட்டு டாக்டரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தார். இப்படித்தான் சிங்கம் வந்தாலும் மயில்சாமி ஜெயித்தார், வராவிட்டாலும் ஜெயித்தார்.

இத்தனைக்கும் நடுவில், அவர் மட்டும் போகவில்லை.

தனபாக்கியத்துக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஸ்வர்ணாவின் முதல் வீடியோவைப் பார்த்த நாளிலிருந்தே ஆசை. ப்ரின்ஸ்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. நாள் முழுக்கச் சின்னக் குழாயைப் பார்த்துப் பார்த்து, ஒருநாளாவது ஏதாவது பெரிதாகப் பார்க்கவேண்டும் என்று தோன்றும் என்பாள். ஒவ்வொரு கோடை முடிவிலும் யார் வீட்டிலாவது கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்தவர் பார்த்த சிங்கத்தை டிவியில் பார்த்துவிட்டு வருவாள். "நமக்கு எப்பங்க?" என்று கேட்பாள். அவருக்குப் பூராடம், அவளுக்குத் திருவோணம், குழந்தைக்குப் பள்ளிக்கூடம், நடுவில் இரண்டாயிரமாவது வருடத்துக்குத் தேதி மாற்றுகிற ஆபீஸ் வேலை. எதையாவது சொல்லித் தள்ளிப்போடுவார்.

உண்மையில் அவருக்குப் பயம். ஊருக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுத்தவர் தானே ஒரு நாள் பார்த்துப் போய், சிங்கம் வராமல் போனால்? மற்றவருக்குப் பெட்டி மாறியது, திசை மாறியது என்று ஏதாவது சொல்லலாம். தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வது? மறுபடி இன்னொரு சாம் ஆகிவிடுவோம் என்று நினைத்ததுமே அடுத்த கோடைக்குத் தள்ளிவிடுவார்.

2001 மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் தனபாக்கியம் மூன்று டிக்கெட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஜூலை பதினாறு கெளம்பறோமுங்க. இருவத்தாறு திரும்பறோம். புக் பண்ணிட்டேன்."

மயில்சாமி பஞ்சாங்கத்தைத் தேடி ஓடினார். ஜூலை இருபது அமாவாசை. அதுவும் ஆடி அமாவாசை. இருபத்தொன்று பிரதமை, பூராடத்துக்குச் சந்திராஷ்டமம். தேடிப் பிடித்தாலும் இதைவிட மோசமான வாரம் கிடைக்காது.

"பாக்கியம், இது ஆடி அமாவாசைம்மா! சிங்கம் ஒண்ணு கண்ணுல படாது. கேன்சல் பண்ணு."

"எனக்கு லீவு அப்பத்தானுங்க கெடைச்சுது."

"ஆகஸ்ட் நாலு பௌர்ணமி. ஒம்போது குடும்பம் அதுக்குத்தான் போறாங்க. நாமளும்..."

"அவிய போகட்டும். நான் ஏழு வருசமா காபி போட்டுட்டேனுங்க," என்றாள் தனபாக்கியம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மயில்சாமிக்குத் தூக்கம் போயிற்று. சிங்கம் வராவிட்டால் பாக்கியத்தின் ஆசை மண்ணாகும். வந்துவிட்டால், அமாவாசையில் சிங்கம் வந்தது என்று ஆகிவிட்டால், எட்டு வருடப் பெயர் மண்ணாகும். ஒன்பது குடும்பமும் திரும்பிப் பார்த்துக் கேட்கும். பொய் சொல்லிச் சமாளித்துவிடலாமே என்றால், மனிதருக்குப் பொய் வராது. எட்டு வருடத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொன்னதையெல்லாம் நம்பித்தான் சொன்னார். அதுதான் வினை.

சிங்கம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அவர் விமானம் ஏறினார். சிங்கத்துக்குப் பயந்து அப்படி வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. இவர் வேண்டிக்கொண்டது வேறு மாதிரி.

மாசாய் மாராவில் அவர்களுக்கு வாய்த்த ஓட்டுநர் கிமானி. பதினேழு வருடமாக ஜனங்களுக்குச் சிங்கம் காட்டுகிறவர். யார் எந்தக் கருத்தைச் சொன்னாலும் "யெஸ் சார்" என்பதுதான் அவர் கருத்து. முதல் நாள் யானை வந்தது, ஒட்டகச்சிவிங்கி வந்தது, சிங்கம் இல்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இல்லை. மயில்சாமியின் முகம் நாளுக்கு நாள் பூரித்தது.

"அமாவாசை, கிமானி. ஃபுல் ஸ்டமக். ஆல் ஸ்லீப்பிங்."

"யெஸ் சார்."

தனபாக்கியம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவருக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். அந்தக் குதூகலத்தை நினைத்து வெட்கமும் பட்டார். மனுசன் என்றால் இப்படி மூன்றும் சேர்ந்துதான் இருப்பான்.

இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, நட்ட நடுப்பகல். பிரதமை, அவருக்குச் சந்திராஷ்டமம். ஒற்றை மரத்தின் அருகே வண்டியை நிறுத்தி, மூவரும் புளிசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வான்மதிதான் முதலில் சொன்னாள், மூச்சே விடாமல்.

"அப்பா. டோன்ட் மூவ்."

புல் விலகுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், மயில்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார்.

யோசித்துச் செய்ததல்ல. ஆனால் மூடிய பிறகு யோசித்தார். பார்க்காவிட்டால் "பார்க்கவில்லை" என்று சொல்வது பொய்யாகாது. ஒன்பது குடும்பத்துக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். இமைகளை இன்னும் இறுக்கினார்.

நடந்து வருகிற சத்தம் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் உட்கார்ந்திருந்த பக்கம் நின்றது. அந்தப் பக்கத்தில்தான் நிழல். தொப்பென்று எதுவோ படுத்தது. வண்டி லேசாக ஆடியது. பச்சை மாமிசமும் வெயிலில் காய்ந்த சாக்கும் சேர்ந்தாற்போல ஒரு வாடை மேலே எழுந்தது. கதவுத் தகட்டுக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பெரிய மூச்சு போய்ப் போய் வந்தது.

"இன்ஜின் போட வேண்டாம்," என்று கிமானி ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். "அதுவாகப் போகட்டும்."

அது போகவில்லை. தனபாக்கியத்தின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது.

"ஏனுங்க," என்றாள், காற்று மாதிரி. "கண்ணத் தொறங்க."

"தூசி விழுந்துருச்சு," என்றார். அதுதான் அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யாக இருக்கவேண்டும். சரியாகக்கூட வரவில்லை.

"கொஞ்சமாச்சும் பாருங்க. எனக்காகப் பாருங்க."

அவருக்குத் திறக்கவேண்டும் போலத்தான் இருந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி மாளாது. எட்டு வருடம் அதைப் பற்றியே பேசியிருக்கிறார். இப்போது அது காலடியில் கிடக்கிறது. ஒரு இமையைத் தூக்கினால் போதும். ஆனால் கராஜும், அதில் கிழக்குப் பார்த்த பெட்டிகளும், "நிலா மயில்சாமி வந்துட்டாருடா" என்று திரும்புகிற தலைகளும் இமைக்குள்ளேயே நின்றன. தாங்கிக்கொண்டார். மடியில் புளிசோறு ஆறிக் காய்ந்தது. அப்படியே நாற்பது நிமிடம். பிறகு புல் விலகுகிற சத்தம் தூரமாகப் போயிற்று. கிமானி பெருமூச்சு விட்டு, பதினேழு வருடத்தில் இத்தனை பக்கத்தில், இத்தனை நேரம், தானே கண்டதில்லை என்றார்.

"யெஸ்," என்றார் மயில்சாமி, கண்ணைத் திறந்து. மசங்கலாக எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. புல் மட்டும்தான் இருந்தது.

அதற்குப்பின் தனபாக்கியம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திரும்பும் விமானத்தில் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினாள். அல்லது தூங்குவதுபோல் இருந்தாள்.

ஜூலை இருபத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை தசமி. ஒன்பது குடும்பமும் பெட்டியோடு கராஜில் கூடியது. டாக்டர் தியாகராஜா தன் பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு இரண்டாம் தடவையாக வந்திருந்தார். கேள்வியையும் அவரே கேட்டார்.

"என்ன தம்பி, அமாவாசையில போட்டு வந்திருக்கிறியள். சிங்கம் பாத்தனீங்களோ?"

மயில்சாமி நெஞ்சில் கையை வைத்தார்.

"நான் பாக்கலீங்க டாக்டர்."

கராஜில் கைதட்டு. "நான் சொல்லல? அமாவாசைன்னா அமாவாசைதான்," என்று ஸ்வர்ணா எல்லோருக்கும் முன்னால் கத்தினார். மயில்சாமியின் முதுகு நிமிர்ந்தது. காபித் தட்டோடு நின்ற தனபாக்கியத்தை அவர் பார்க்கவில்லை.

"பட் வீ ஸா ஒன்," என்றாள் வான்மதி, பெட்டிமேல் உட்கார்ந்தபடி. "இட் வாஸ் ரைட் தேர். ஃபார்ட்டி மினிட்ஸ். அப்பா ஹேட் ஹிஸ் ஐஸ் க்ளோஸ்ட் த ஹோல் டைம்."

முடிந்தது என்று மயில்சாமி நினைத்தார். நாளைக் காலையிலிருந்து பார்சிப்பனியிலும் மான்மவுத் ஜங்ஷனிலும் ஒரே ஆள்தான், இன்னொரு சாம்.

முதலில் வாய் திறந்தவர் ஸ்வர்ணா.

"அன்னைக்கு உங்களுக்கு சந்திராஷ்டமம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க," என்றார் மயில்சாமி, குரலே எழும்பாமல்.

"அடேயப்பா!" என்றார் ஸ்வர்ணா. "சிங்கம் காலடியில வந்து படுத்தும் இவருக்கு மட்டும் கண்ணு தொறக்கல பாருங்க! அமாவாசை பவரைப் பாத்தீங்களா!"

ஒருவர் மாற்றி ஒருவர் ஆமாம் என்றார்கள். சிங்கம் வருவது வேறு, காட்சி கொடுப்பது வேறு என்றார் ஒருவர். இதை எங்காவது எழுதி அனுப்பவேண்டும் என்றார் இன்னொருவர். தனபாக்கியத்தின் நட்சத்திரம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். டாக்டர் தியாகராஜாகூட நெற்றியைத் தடவிக்கொண்டு, "உதில ஏதோ இருக்குப் போலத்தான் கிடக்கு" என்றார். பெட்டிகள் கிழக்குப் பார்த்து அடுக்கப்பட்டன. போகும்போது எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவ்வளவு மரியாதையோடு யாரும் அவர் கையைப் பிடித்ததில்லை. பெயர் போகவில்லை. முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

கடைசிக் கார் போனபோது இன்னும் வெயில் இருந்தது. தனபாக்கியம் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மயில்சாமி பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெயித்த சந்தோஷம் வருமென்று பார்த்தார், வரவில்லை. இந்தக் கராஜுக்கு வந்து போன ஐம்பது குடும்பத்தில் யாரிடமும் அவர் கேட்காத ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று கேட்டதே இல்லை.

"பாக்கியம்," என்றார். "அது எப்பிடி இருந்துச்சு?"

அவள் தம்ளர்களைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தார், இல்லை.

"பக்கத்துல படுத்துச்சுங்களா, தலையத் தூக்கி உங்களத்தானுங்க பாத்துச்சு. எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்த நாப்பது நிமிசமும் கண்ணுகூடச் சிமிட்டாம உங்களையேதான் பாத்துட்டு இருந்துச்சு."